கட்டாரியின் அழகு

கொலைக் கருவியில் கலைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியை நாம் எல்லாத் தேசத்து ஆயுதங்களையும் பார்த்து ஒரே மாதிரி கேட்பதில்லை. ஜப்பானிய ஸாமுராயின் தலைக்கவசத்தைப் படத்தில் பார்த்தால், "அடடா, என்ன கற்பனை!" என்று வியக்கிறோம். தஞ்சாவூர்க் கட்டாரியைக் கண்ணெதிரே பார்த்தால், "ஏதோ பழைய இரும்பு" என்று அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுகிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோட வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

தியாகராய நகரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். சங்கீதம், சித்திரம் இரண்டிலும் நல்ல ருசி உள்ளவர். ஜப்பானிய உலோக வேலைகளைப் பற்றிய பெரிய படப் புத்தகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். "இந்த மாதிரி நுட்பம் நம்ம பக்கத்திலே எங்கே ஸார் இருக்கு? நமக்குக் கோயில் சிற்பம் உண்டு, விக்கிரகம் உண்டு. கத்தியைப் போய் இப்படி இழைக்கணும்னு நம்மவனுக்குத் தோணலையே!" என்று ஒரு நாள் என்னிடம் அங்கலாய்த்தார். அவருக்குச் சொல்ல ஆரம்பித்த பதில்தான் இங்கே கட்டுரையாக நீண்டிருக்கிறது.

முதலில் ஜப்பானியனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம்.

16ஆம் நூற்றாண்டில், அந்தத் தேசத்துச் சிற்றரசர்கள் ஓயாமல் ஒருவரோடொருவர் பொருதுகொண்டிருந்த காலத்தில், விசித்திரமான தலைக்கவசங்கள் தோன்றின. 'கவாரி கபுதோ' என்று பெயர். உள்ளே இருப்பது சாதாரண இரும்புக் கிண்ணம். அதன்மேல் மரத்தாலும் காகிதத்தாலும் உருவம் சமைத்து, அரக்குப் பூசி மெருகேற்றுவார்கள். முயலின் காது, கெளுத்தி மீனின் வால், கடற்சிப்பி, எது வேண்டுமானாலும் தலையில் ஏறலாம். ஹோண்டா தடகாத்ஸு என்ற தளபதி கிளை விட்ட மான் கொம்புகளைச் சூடிக்கொண்டான். தாத்தே மஸமுனே என்பவன் ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குறுகிய பிறைச் சந்திரனை நெற்றிக்கு மேலே நிறுத்தினான். தலைவன் எங்கே நிற்கிறான் என்பதை அவனுடைய ஆட்கள் தூரத்திலிருந்தே கண்டுகொள்ள வேண்டும். எதிரியும் கண்டுகொள்வான், அதைப் பற்றிக் கவலை இல்லை. ஒளிந்துகொள்ள உதவாத கவசம்! கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல பாத்திர அறிமுகம் கிடைக்குமா?

தலைக்கவசம் நாடகம் என்றால், வாளின் அணிகள் பாட்டு. அலகுக்கும் பிடிக்கும் நடுவே, கையைக் காக்க ஒரு தட்டு இருக்கும். 'த்ஸுபா' என்பார்கள். அகலம் மூன்று அங்குலம் இருந்தால் அதிகம். நடுவில் அலகின் அடிப்பகுதி நுழைவதற்கு ஒரு துவாரம். பக்கத்தில் சிறு கத்தியும் ஊசியும் செருகிக்கொள்ள வேறு துவாரங்கள். இவற்றை மாற்ற முடியாது. மிச்சமுள்ள சொற்ப இடத்தில்தான் தட்டான் தன் உலகத்தைச் சிருஷ்டிக்க வேண்டும். தளை தட்டாமல் வெண்பாப் பாடுகிறவனுடைய நெருக்கடி. அந்த நெருக்கடியிலிருந்துதான் நாணலின் மேல் நிலவும், அலையில் நனையும் பறவையும், பூச்சி அரித்த இலையும் பிறந்திருக்கின்றன.

உலோகத்தையே சாயமாக மாற்றியவர்கள் அவர்கள். செம்பில் சிறிதளவு பொன் சேர்த்து, மருந்து நீரில் பக்குவப்படுத்தினால் காக்கைச் சிறகின் நீலம் பாய்ந்த கறுப்பு வரும். அதற்கு 'ஷகுதோ' என்று பெயர். செம்பும் வெள்ளியும் சேர்ந்தால் மழை நாளின் சாம்பல் நிறம். கறுப்புத் தகட்டின் மேல் மீன் முட்டை போன்ற மணிகளை ஒவ்வொன்றாக உளியால் தட்டி எழுப்புவார்கள். வரிசை ஒன்று கோணினால் வேலை கெட்டது. கோத்தோ என்ற குடும்பம் 15ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்துவந்தது. இன்னது என் கொள்ளுப்பாட்டன் செய்தது என்று பேரன் சீட்டெழுதிக் கொடுக்கவும் அங்கே வழக்கம் உண்டு. இந்தச் சீட்டு விஷயத்தை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகு, ஒரு குறையையும் சொல்லலாம். த்ஸுபா வாளோடு ஒட்டிப் பிறந்தது அல்ல. கழற்றலாம், மாட்டலாம், ஒரே வாளுக்கு இரண்டு மூன்று வைத்துக்கொள்ளலாம். தனியே பெட்டியில் வைத்தும் ரசிக்கலாம். ஆகவே காலம் செல்லச் செல்ல அது வாளுக்கு வந்த விருந்தாளி போல ஆகிவிட்டது. பிற்காலத்துச் சில தட்டுகளைப் பார்த்தால் அழகான சித்திரம் என்று தோன்றுமே தவிர, ஒரு கையைக் காக்க வந்த இரும்பு என்று தோன்றாது. பயனிலிருந்து அணி பிரிந்து போகும்போது லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

நஷ்டம் என்னவென்பது நம் கட்டாரியைப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன்னால் மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானில் கோடு போட்ட பருத்தித் துணி ஒரு வகைக்கு 'ஸான்தோமே' என்று பெயர். நம்முடைய சாந்தோம்தான். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்துக் கப்பல்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன துணி, ஊர்ப் பெயரோடு அங்கே நிலைத்துவிட்டது. நமக்கு அவர்கள் அடியோடு அந்நியர்கள் அல்லர்.

கட்டாரி என்பது வாளும் அல்ல, சாதாரணக் குத்துவாளும் அல்ல. கத்தியின் பிடியை நாம் குறுக்கே பற்றுவோம். அலகு பக்கவாட்டில் நீண்டிருக்கும். கட்டாரியில் அப்படி இல்லை. முன்கையை ஒட்டி இருபுறமும் இரண்டு கம்பிகள் ஓடும். அவற்றைக் குறுக்கே இணைக்கும் தண்டுகளை முஷ்டிக்குள் பிடித்துக்கொண்டால், விரல் முட்டிகளுக்கு நேர் முன்னே அலகு நிற்கும். குத்துவது மணிக்கட்டல்ல, தோள் முதல் இடுப்பு வரை உடம்பு முழுவதும் சேர்ந்து குத்துகிறது. கையை நீட்டினால் கையே கூராக முடிந்தது போல் இருக்கும். ஆயுத வகைகளில் மனித உடம்புக்கு இவ்வளவு நெருங்கி வந்தது வேறு ஏதாவது உண்டா என்பது சந்தேகம்.

இது இந்தியாவெங்கும் பரவிய ஆயுதம்தான். வடக்கே செய்தவை பெரும்பாலும் எளிய அமைப்பு. நேர்க்கம்பி, நேர்த்தண்டு, அகன்ற அலகு. விஜயநகர காலத்துக்கும் நாயக்கர் காலத்துக்கும் உரிய தென்னாட்டுக் கட்டாரியோ வேறு ஜாதி. முட்டிகளை மறைத்துக்கொண்டு ஒரு தகடு, காற்றில் புடைத்த பாய் போல, அல்லது படமெடுத்த நாகம் போல வளைந்து மேலே எழுகிறது. அதன் உச்சியில் ஒரு யாளித் தலை. பக்கக் கம்பிகளில் கொடி ஓடி, இடையிடையே ஒளி புகும்படி துளைத்திருக்கும். குறுக்குத் தண்டுகளின் நடுவில் உருண்டையான குமிழ்கள். அவை விரல்களின் இடுக்கில் பதிந்து பிடியை உறுதிப்படுத்தும். கிளி, மயில், தாமரை மொட்டு எல்லாம் உண்டு. ஆனால் எதுவும் ஒட்டவைத்ததாக இல்லை.

என் கட்சி இதுதான்: ஜப்பானியத் தட்டில் அணி வாளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, தஞ்சாவூர்க் கட்டாரியில் அணியே எலும்பாக நிற்கிறது. யாளியை எடுத்துவிட்டால் அழகு மட்டும் போகாது, தகட்டின் முடிவே போய்விடும். கொடியை வெட்டினால் பிடி ஒடிந்துபோகும். நம் கோயில் மண்டபத்தில் யாளி தூணின் அலங்காரமாகவும் இருக்கிறது, பாரத்தைத் தாங்கும் தூணாகவும் இருக்கிறது அல்லவா? அதே புத்திதான் இங்கே ஆறு அங்குல இரும்பில் வேலை செய்திருக்கிறது. ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக்குப் போனவர்கள், பாயும் குதிரைகளின் காலடியில் வீரர்கள் வேங்கையோடு போரிடுவதைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் ஏந்திய கருவிகளை இந்தக் கட்டாரிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. கல்லும் இரும்பும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை என்பது விளங்கும். தஞ்சாவூர் வீணையின் நுனியில் இருக்கும் யாளியும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். ஒன்று நாதத்துக்குப் போயிற்று, ஒன்று யுத்தத்துக்குப் போயிற்று.

வேலையின் கடினத்தையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது பஞ்சலோக விக்கிரகம். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை வார்ப்பது அந்த முறை. கை மெழுகில் தாராளமாக விளையாடலாம். கட்டாரி வேலையில் அந்தச் சலுகை கிடையாது. காய்ச்சி அடித்த இரும்பை உளியாலும் அரத்தாலும் செதுக்கியே யாளியின் பிடரியை வரவழைக்க வேண்டும். அறுத்தது அறுத்ததுதான். கொல்லன் பட்டறையில் சிற்பியின் பொறுமை வேண்டியிருந்தது.

இரும்பிலும் நாம் ஏழைகளாக இருந்ததில்லை. மண் குகைக்குள் இரும்போடு ஆவாரங் கட்டையையும் பச்சிலையையும் இட்டு மூடி, உலையில் காய்ச்சி உருக்கு எடுக்கும் முறை சேலம் பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டு வரையில் நடந்துவந்தது. 'வூட்ஸ்' என்று வெள்ளைக்காரர்கள் பெயரிட்டு, 1790களில் லண்டன் ராயல் ஸொஸைட்டியில் அதைப் பரிசோதித்தார்கள். மின்சார ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் பாரடேகூட, அதற்கு முன்னால் 1820ஐ ஒட்டி, இந்த உருக்கின் ரகசியத்தைத் தேடி மண்டையை உடைத்துக்கொண்டவர். இருந்தும் தென்னாட்டுக் கட்டாரிகள் பலவற்றில் இருப்பது ஐரோப்பிய அலகு! கப்பலில் வந்த நீண்ட வாள்களின் அலகைத் துண்டித்து, நம் பிடியில் ஆணி அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். இதைக் குறையென்று நான் நினைக்கவில்லை. பிடிலை வாங்கி மடியில் சாய்த்து நம்முடைய வாத்தியமாக்கிக்கொண்ட ஊர் இது. அலகு யாருடையதானால் என்ன, அதைப் பிடித்த கை நம்முடையது.

தலைக்கவசத்தில் ஜப்பானியனோடு போட்டி போட நம்மால் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் வெயில் அப்படி. தென்னாட்டுக் கலைஞனின் கற்பனை தலைக்கு ஏறவில்லை, கைக்கு இறங்கிவிட்டது. யானைப் பாகனின் அங்குசத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஊர்வலத்துக்கென்று இழைத்த உருக்கு அங்குசங்களில் கொக்கியின் வளைவிலும் காம்பிலும் யாளியும் பறவையும் அடர்ந்திருக்கும். அதைப் பார்த்து யானை பயந்ததோ இல்லையோ, ஜனங்கள் பிரமித்திருப்பார்கள்.

எல்லாக் கட்டாரியும் உயர்ந்தது என்று சொல்லமாட்டேன். பின்னாளில் இந்தியாவெங்கும் வினோதக் கட்டாரிகள் கிளம்பின. பிடியை அழுத்தினால் அலகு கத்தரிக்கோல் போல் விரிந்து உள்ளேயிருந்து இன்னொரு அலகு எட்டிப் பார்க்கும். சிலவற்றில் பக்கத்துக்கொரு கைத்துப்பாக்கி ஒட்டியிருக்கும். பொன் முலாம் வேறு. இவையெல்லாம் போர்வீரனுக்காகச் செய்தவை அல்ல, வருகிற விருந்தாளி வாய் பிளப்பதற்காகச் செய்தவை. ஜப்பானிலும் இதே கதைதான். வாளுக்கு வேலை போன பிறகு மேனாட்டு வியாபாரிகளுக்காகச் செய்த சாமான்களில் கை சாமர்த்தியம் ஏறிக்கொண்டே போயிற்று, மனசு காலியாகிக்கொண்டே வந்தது.

ஆரம்பத்தில் ஒத்திப்போட்ட கேள்விக்கு இப்போது வரலாம். உயிரை எடுக்கிற பொருளை அழகுபடுத்துவது பாவமில்லையா? எனக்கு வேறுவிதமாகத் தோன்றுகிறது. அழகில்லாத ஆயுதம் மனிதனை அதிகமாகக் கொன்றிருக்கிறது. யந்திரத் துப்பாக்கியில் யாளி கிடையாது. கட்டாரியைச் செய்தவன் அதை ஒருவன் கையில் பிடிப்பான் என்பதை மறக்கவில்லை. பிடிக்கிறவனும், தான் கையில் எடுப்பது சாமானியமான வஸ்து அல்ல என்பதை மறக்கக்கூடாது என்று நினைத்தான். ஆயுத பூஜையன்று நாம் அரிவாள்மணைக்கும் லாரிக்கும் சந்தனம் குங்குமம் இடுகிறோமே, அந்த நினைப்புத்தான். அதனால் கொலை நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. கொலைக்கும் ஒரு கூச்சம் இருந்தது என்று சொல்கிறேன்.

இனி வருத்தமான பகுதி. தஞ்சையின் கடைசி மராட்டிய அரசர் சிவாஜி 1855ல் காலமானார். ஆண் வாரிசு இல்லை என்று சொல்லி ராஜ்யத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரண்மனை ஆயுதசாலையில் நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்த ஆயுதங்கள் குவிந்து கிடந்தன. 1863ஐ ஒட்டி அந்த ஆயுதசாலை கலைக்கப்பட்டது. நல்லவை என்று பட்ட சிலவற்றைப் பொறுக்கிச் சென்னை மியூஸியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மிகுந்தவற்றில் பெரும் பகுதியை உடைத்து, பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். சென்னை சிவில் உத்தியோகத்திலிருந்த வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர், 1878ல் 'இந்தியன் ஆன்டிகுவரி' பத்திரிகையில் அந்த ஆயுதசாலையைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். தப்பியவை எழும்பூரில் இருக்கின்றன. கடல் கடந்தவையும் உண்டு. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற அமெரிக்கர் 1935ல் உயில் எழுதி நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூஸியத்துக்கு வைத்துவிட்டுப் போன சேகரத்தில் ஜப்பானிய ஆயுதங்களும் இருக்கின்றன, தஞ்சாவூர்க் கட்டாரிகளும் இருக்கின்றன. நான் ஆசைப்பட்ட ஒப்பீட்டை அந்த மனிதர் தம் வீட்டிலேயே நடத்திப் பார்த்திருக்கிறார்!

ஜப்பானில் 1876ல் வாள் தரிக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. அங்கேயும் ஆயிரக்கணக்கான த்ஸுபாக்கள் அடிமாட்டு விலைக்கு மேனாட்டுக்குப் போயின. ஆனால் எடைக்குப் போகவில்லை, விலைக்குப் போயின. இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். வாங்கினவனுக்கும் விற்றவனுக்கும் அது யார் வேலை, எந்தப் பரம்பரை என்று தெரிந்திருந்தது. கானோ நாத்ஸுவோ என்ற மேதை, வாளணி செய்த அதே உளியால் புதிய அரசாங்கத்து நாணயங்களுக்கு அச்சு வெட்டினார்; பிறகு தோக்கியோ கலைப் பள்ளியில் ஆசிரியரானார். அவருக்குப் பெயர் இருந்தது. பெயர் இருந்ததால் அடுத்த வேலை இருந்தது.

தஞ்சாவூர்க் கட்டாரியைச் செய்தவனுக்குப் பெயர் இல்லை. சீட்டு இல்லை. பெயர் போடாதது பெருந்தன்மை என்று மேடையில் பேசலாம்; கலைக்கு ஊமையாக இருக்கும் உரிமை உண்டுதான். ஆனால் கொல்லன் பேசாவிட்டால் ரசிகனாவது பேசியிருக்க வேண்டாமா? நம் பண்டிதர்கள் பாட்டுக்கு உரை எழுதினார்கள், உரைக்கு உரை எழுதினார்கள். ராகத்துக்கு லட்சணம் வகுத்தார்கள். கட்டாரியின் வளைந்த தகட்டுக்கு ஒரு வார்த்தை எழுதிவைக்கவில்லை. ஜப்பானியன் தன் வாளின் ஒவ்வோர் உறுப்புக்கும், அதைத் தேய்த்த பதத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறான். நாமோ பிடி, அலகு, உறை என்ற மூன்று சொற்களில் ஒரு சாம்ராஜ்யத்தின் ஆயுதசாலையை முடித்துவிடுகிறோம். பெயர் இல்லாத பொருளைத் தராசில் போடுவது சுலபம். ராபர்ட் எல்குட் என்ற ஆங்கிலேயர் 2004ல் இந்து ஆயுதங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். இந்தக் கட்டாரிகளை விரிவாகப் படிக்க இன்றைக்கு அந்த இங்கிலீஷ்ப் புஸ்தகத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

நம் சரித்திர நாவல்களைப் பாருங்கள். அத்தியாயத்துக்கு ஒரு வாள் உருவப்படுகிறது. அது எப்போதும் மின்னலைப் போலப் பளிச்சிடுகிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. கதாநாயகியின் புல்லாக்குக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிற ஆசிரியர், கதாநாயகனின் கையிலிருக்கும் பிடிக்கு அரை வரி ஒதுக்குவதில்லை. வாரா வாரம் லட்சக்கணக்கான வாசகர்கள் ஆவலோடு படித்த கதைகள் அவை. அவற்றில் ஒரு கட்டாரியின் யாளி வாய் திறந்திருந்தால், ஒரு தலைமுறைக்கே அது கண்ணில் பட்டிருக்கும். பண்டிதர் செய்யாததைக் கதைக்காரன் செய்திருக்கலாம். இனியும் செய்யலாம், நேரம் கடந்துவிடவில்லை.

ஆகவே தியாகராய நகர் நண்பருக்கும், மயிலாப்பூர், அடையாறு வாசகர்களுக்கும் என் சிபாரிசு இதுதான். எழும்பூருக்குப் போனால் பஞ்சலோக நடராஜரைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஆயுதங்கள் இருக்கும் இடத்தையும் கேட்டு விசாரித்துப் போங்கள். கட்டாரியை முன்பக்கமிருந்து மட்டும் பார்க்காமல், பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். தகடு எழும்பி வளைகிற ஒயில் அப்போதுதான் பிடிபடும். பிறகு இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தைக் கவனியுங்கள். ஒரு மனிதக் கை நுழைவதற்காக அளந்து விட்ட இடம் அது. சுற்றியுள்ள கொடியும் கிளியும் யாளியும் அந்தக் கையை உத்தேசித்துச் செய்தவை. வீட்டுக்கு வந்ததும் பார்த்ததை நாலு வரி தமிழில் எழுதிவையுங்கள். உறுப்புக்குப் பெயர் தெரியாவிட்டால் நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயரும் யாரோ ஒருவர் வைத்ததுதான்.